முதலுதவி: பெட்டி இருக்கிறது, பழகிய கைகள் எங்கே?

அரசுப் பேருந்தில் பயணிக்கும் எவரும் 'முதலுதவி' என்று எழுதப்பட்ட சிறு பெட்டியைப் பார்த்திருப்பார்கள். தொழிற்சாலைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் கட்டுமானப் பணியிடங்களிலும் அதே பெட்டி உண்டு. விதி கேட்கிறது, பெட்டி இருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி பெட்டி உள்ளதா என்று பார்க்கிறார். உள்ளே இருக்கும் மருந்து காலாவதியாகிவிட்டதா என்றும் பார்க்கக்கூடும். ஆனால், அதைத் திறந்து, பதறாமல் ஒரு காயத்தை அழுத்திப் பிடிக்கத் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றனவா என்று யாரும் சோதிப்பதில்லை. சான்றிதழ் கேட்கும் விதிகள்கூட, கை பழகியிருக்கிறதா என்று கேட்பதில்லை.

இது சிறிய குறை அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். அதாவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். பாம்புக் கடியால் 2000 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இவற்றோடு மாரடைப்பு, நீரில் மூழ்குதல், தீக்காயம், மின்சாரம் தாக்குதல், குழந்தையின் தொண்டையில் பொருள் அடைத்துக்கொள்ளுதல் என்று பட்டியல் நீள்கிறது. இந்த இழப்புகள் அனைத்தையும் முதலுதவி தடுத்துவிடாது. ஆனால், மருத்துவமனை வாசலை எட்டும் முன்பே முடிந்துபோகும் உயிர்களுக்கு, அதைத் தவிர வேறு துணை இல்லை.

முதல் பத்து நிமிடங்கள்

இதயம் திடீரென நின்றுவிட்டால், நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளையின் செல்கள் மடியத் தொடங்குகின்றன. நெஞ்சை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் 'சிபிஆர்' முறையை யாரும் செய்யாவிட்டால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. பெரிய இரத்தக்குழாய் அறுபட்டவர் சில நிமிடங்களிலேயே உயிரிழக்கக்கூடும். நினைவிழந்து மல்லாந்து கிடப்பவரின் தளர்ந்த நாக்கோ, வாயில் தேங்கும் இரத்தமோ, வாந்தியோ மூச்சுப்பாதையை அடைத்துவிடும். காயத்தால் அல்லாமல் மூச்சுத் திணறலால் அவர் இறக்க நேரிடும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. பொதுச் சுகாதாரத் துறையில் நாம் பெருமைப்படத்தக்க சாதனைகளில் அதுவும் ஒன்று. ஆனால், ஒருவர் விழுவதைப் பார்த்து, தொலைபேசியை எடுத்து, இடத்தைச் சொல்லி, ஊர்தி புறப்பட்டு, நெரிசலைக் கடந்து வந்து சேரும் கால அளவை எவ்வளவு சுருக்கினாலும், எல்லா இடங்களிலும் நான்கு நிமிடங்களுக்குள் அடக்க முடியாது. உலகின் செல்வம் கொழிக்கும் நகரங்களாலேயே அது இயலவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, வாய்க்கால் கரையோரம் செல்லும் கிராமத்துச் சாலையில் அதை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. எனவே, எந்த ஊரிலும் முதல் மருத்துவ உதவியாளர் என்பவர் அப்போது அங்கே நிற்பவர்தான். அவர் தேநீர்க் கடைக்காரராகவோ, நடத்துநராகவோ, உணவு விநியோகிக்கும் இளைஞராகவோ, வகுப்புத் தோழியாகவோ, பெரும்பாலும் வீட்டில் உள்ள ஒருவராகவோ இருப்பார்.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்குகிறது. அதன் பயன் மறுக்க முடியாதது. ஆனால், பொருளாதாரத்தில் ஒன்றின் மதிப்பை மற்றொன்று நிறைவு செய்யும் பண்டங்கள் உண்டு. பேனா இருந்து மை இல்லாவிட்டால் பேனாவுக்கு மதிப்பில்லை. உயிர்காக்கும் பிரிவில் உள்ள படுக்கையும், பயிற்சி பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும், இலவசச் சிகிச்சைக்கான நிதி ஒதுக்கீடும், நோயாளி உயிரோடு வந்து சேர்ந்தால் மட்டுமே பயன் தருகின்றன. 48 மணி நேரத்துக்குப் பெரும் பொருள் செலவிடும் நாம், அதற்கு முந்தைய பத்து நிமிடங்களுக்கு ஏறக்குறைய எதுவும் செலவிடுவதில்லை.

அச்சத்தின் இரண்டு பாதிகள்

விபத்தில் சிக்கியவரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. ஆனால், யாரும் நெருங்குவதில்லை. இந்தக் காட்சிக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணம், காவல் நிலையமும் நீதிமன்றமும். அந்த அச்சம் நியாயமானதாகவே இருந்தது. உதவியவரே சாட்சியாக அலைக்கழிக்கப்பட்ட நிகழ்வுகளும், மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டுமாறு அவரையே கேட்ட நிகழ்வுகளும் உண்டு.

சட்டம் இந்த நிலையை மாற்றிவிட்டது. உதவ முன்வருபவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு, பிரதிபலன் கருதாமல் உதவுபவர் மீது உரிமையியல் வழக்கோ, குற்றவியல் வழக்கோ தொடர முடியாது என்று அது உறுதியளிக்கிறது. பெயரையும் முகவரியையும் தெரிவிக்குமாறு அவரை வற்புறுத்தவும் முடியாது. இதைப் பற்றிய விழிப்புணர்வு இன்னும் பரவ வேண்டும் என்பது உண்மை.

ஆனால், அச்சத்தின் ஒரு பாதி மட்டுமே சட்டத்தால் நீங்கக்கூடியது. மறுபாதி, 'என்ன செய்வதென்று எனக்குத் தெரியாதே' என்ற தயக்கம். தொட்டால் ஏதேனும் ஆகிவிடுமோ, தூக்கலாமா, தண்ணீர் தரலாமா என்ற குழப்பம் கைகளைக் கட்டிப்போடுகிறது. அதை எந்த அரசாணையாலும் நீக்க முடியாது. செய்து பழகிய அனுபவம் மட்டுமே நீக்கும்.

ஏட்டுச் சுரைக்காய்

அறிவு இரு வகை என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி விளக்கினார். சொல்லில் எழுதிக் கைமாற்றக்கூடியது ஒன்று; செய்பவரின் உடலிலேயே தங்கி, சொல்லுக்குள் முழுமையாக அடங்காதது மற்றொன்று. நீச்சலும் மிதிவண்டி ஓட்டுதலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், செய்வதன் வழியாகவே திறன் வளர்கிறது என்பதை ஒரு பொருளாதாரக் கோட்பாடாக நிறுவினார். விமானங்களின் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வொரு விமானத்தையும் கட்டுவதற்குத் தேவைப்படும் உழைப்பு நேரம் குறைந்துகொண்டே வந்ததை அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். தொழிலாளர்களின் கை பழகியதே அதற்குக் காரணம். நம் மக்கள் இதையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

முதலுதவி முழுக்க முழுக்க இந்த இரண்டாம் வகை அறிவு. நாமோ அதை முதல் வகையாகவே நடத்துகிறோம். பாடநூலில் ஒரு பாடம், தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா, சுவரில் ஒரு வண்ணப்படம், கைபேசியில் பகிரப்படும் காணொலி என்று அது முடிந்துவிடுகிறது. வயது வந்த ஒருவரின் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதை எந்த மாணவரும் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்பது எவ்வளவு வலுவான அழுத்தம் என்பது கைக்குத் தெரியாவிட்டால், அந்த விடைக்கு மதிப்பெண் உண்டு, பயன் இல்லை.

ஓய்வுபெற்ற பின், எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் ஏற்பாடு செய்த அரை நாள் பயிற்சியில் நானும் கலந்துகொண்டேன். ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தோம். பயிற்சி அளித்த செவிலியர் முதலில் ஒரு காணொலியைக் காட்டி, புரிந்ததா என்று கேட்டார். அனைவரும் புரிந்தது என்றோம். பின்னர், தரையில் கிடத்தப்பட்ட பயிற்சிப் பொம்மையின் அருகே ஒவ்வொருவராக மண்டியிடச் சொன்னார். போதிய ஆழத்துக்கு அழுத்தினால் 'டிக்' என்று ஒலி எழுப்பும் பொம்மை அது. முதல் சுற்றில் அந்த ஒலி அரிதாகவே கேட்டது. மூன்றாம் சுற்றில் ஏறக்குறைய எல்லாரிடமும் கேட்டது. இரண்டு நிமிடங்கள் இடைவிடாமல் அழுத்தியதில் எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ள வேண்டும் என்ற விதியின் காரணம், புத்தகத்தில் படித்தபோது அல்ல, அன்றைக்குத்தான் என் தோள்களுக்கு விளங்கியது.

அன்று எல்லாரையும்விடச் சீராக அழுத்தியவர், எங்கள் தெருவில் சில வீடுகளில் வேலை செய்யும் ஓர் அம்மையார். வருகைப் படிவத்தில் கல்வித் தகுதிக்கான கட்டத்தில் 'ஐந்தாம் வகுப்பு' என்று எழுதச் சொன்னார். முனைவர் பட்டம் பெற்றவர்களும் பொறியாளர்களும் இருந்த கூட்டத்தில், கை உழைப்பில் தேர்ந்தவருக்கே அந்தத் திறன் விரைவில் படிந்தது. படித்தவர்களுக்கு உரியது என்று முதலுதவியை ஒதுக்கி வைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

செய்யக் கூடாதவை

பயிற்சியின் மற்றொரு பயனைப் பலரும் கவனிப்பதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதோடு, என்ன செய்யக் கூடாது என்பதையும் அது கற்றுத் தருகிறது. நம் சமூகத்தில் உதவும் மனம் குறைவு என்று நான் கருதவில்லை. ஆனால், நல்ல மனத்தோடு செய்யப்படும் தவறான உதவிகள் ஏராளம்.

மயங்கி விழுந்தவருக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் சோடா ஊற்றுவது நம் வழக்கம். நினைவில்லாதவரின் வாயில் ஊற்றப்படும் நீர் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். பற்களுக்கு இடையே கரண்டியைச் செருகுகிறோம். அவரைச் சுற்றியுள்ள ஆபத்தான பொருள்களை அகற்றி, இயன்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனிப்பதே சரியான உதவி. தீக்காயத்தில் பற்பசையும் மையும் பூசுகிறோம். ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடங்கள் காட்டுவதே வேண்டியது. பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுகக் கட்டுவதும், கடிவாயைக் கீறுவதும் பாதிப்பைக் கூட்டும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல், நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுசெல்வதே உயிர் காக்கும். விபத்தில் சிக்கியவரைக் கைக்கொருவர் காலுக்கொருவராகப் பிடித்து ஆட்டோவில் மடக்கித் திணிப்பதால், முதுகெலும்பில் அடிபட்டவர் வாழ்நாள் முழுவதும் எழ முடியாமல் போகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உதவுபவர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே முதலுதவியின் முதல் விதி. கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கியவரை மீட்க அடுத்தடுத்து இறங்கியவர்களும், குளத்தில் தத்தளித்தவரைக் காக்கக் குதித்தவர்களும் சேர்ந்து மாண்ட செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். நச்சுவாயு உள்ள தொட்டிக்குள் இறங்காமல் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். நீரில் குதிப்பதற்கு முன் கயிறோ, சேலையோ, நீண்ட கழியோ வீசிப் பார்க்க வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பதற்றமான அந்தக் கணத்தில் யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்காது. முன்பே பலமுறை செய்து பார்த்தவருக்கு மட்டுமே அந்த ஒழுங்கு தானாக வரும்.

பொம்மை செய்பவர் காட்டிய வழி

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நெஞ்சின் மீது வெளியிலிருந்து அழுத்தியே நின்ற இதயத்தின் பணியைத் தற்காலிகமாகச் செய்ய முடியும் என்பதை 1960-இல் வெளியிட்டனர். கருவிகள் இல்லாமலே, இரு கைகளால் செய்யக்கூடியது என்பதே அதன் சிறப்பு. ஆனால், உயிருள்ள மனிதர் மீது இதைப் பழக முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஒரு மருத்துவர் அல்லர். நார்வே நாட்டின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லார்டால். குழந்தைகளுக்கான நெகிழிப் பொம்மைகளைச் செய்துகொண்டிருந்த அவர், மனித அளவிலான பயிற்சிப் பொம்மையை 1960-இல் உருவாக்கினார். அடுத்த ஆண்டே நார்வேயின் பள்ளிகளில் உயிர்மீட்புப் பயிற்சி இடம்பெற்றது.

டென்மார்க்கின் அனுபவம் இன்னும் தெளிவானது. அந்நாடு 2005-இல் பள்ளிகளிலும், 2006-இல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் இப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், அருகில் இருந்தவர்களால் நெஞ்சு அழுத்தம் அளிக்கப்பட்டவர்கள் 2001-இல் 21.1 சதவீதம், 2010-இல் 44.9 சதவீதம். முப்பது நாள்களுக்குப் பின்னும் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் அதே காலகட்டத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தது. ஆம்புலன்ஸ் சேவையும் மருத்துவமனைச் சிகிச்சையும் அந்த ஆண்டுகளில் மேம்பட்டன என்பதால், முழுப் பெருமையையும் பயிற்சிக்கே அளிப்பது சரியாகாது. ஆயினும், கை நீட்டியவர்களின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் பெருகியதற்கு, மருத்துவமனைகள் காரணமாக இருக்க முடியாது.

ஜெர்மனியில் ஓட்டுநர் உரிமம் கோருபவர், தலா 45 நிமிடங்கள் கொண்ட 9 பாடவேளைகள் முதலுதவிப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் பள்ளிக் குழந்தைகளுக்கு உயிர்மீட்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு உலக சுகாதார அமைப்பு 2015-இல் ஒப்புதல் அளித்தது.

சந்தை ஏன் இதைச் செய்யாது?

இவ்வளவு பயனுள்ள திறனை மக்கள் தாமாகவே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பொருளாதாரம் படித்தவர்களுக்கு இதற்கான விடை புதிதல்ல. நான் முதலுதவி கற்றால், பயன்பெறுபவர் நான் அல்ல. என் அருகில் இருப்பவர். எனக்குத் தேவைப்படும்போது, என் அருகில் இருப்பவர் கற்றிருக்க வேண்டும். செலவும் நேரமும் என்னுடையவை, பயன் பிறருடையது. இத்தகைய புறப்பயன் கொண்ட எதிலும் தனிமனிதர்கள் சமூகத்துக்குத் தேவையான அளவு முதலீடு செய்வதில்லை. தடுப்பூசியை அரசே இலவசமாக வழங்குவதற்கான அதே தர்க்கம் இங்கும் பொருந்தும்.

தற்போது தனியார் நிறுவனங்கள் கட்டணம் பெற்று நடத்தும் பயிற்சிகள், பெரும்பாலும் பெருநிறுவன ஊழியர்களையும் நகர்ப்புற அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் சென்றடைகின்றன. மருத்துவமனைக்கு அருகில் வாழ்பவர்களுக்குப் பயிற்சி கிடைக்கிறது. தொலைவில் வாழ்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேரத் தாமதமாகும் மலைக் கிராமத்திலும், வயல்வெளியிலும், பட்டாசு ஆலையிலும், மீன்பிடி படகிலும்தான் இந்தத் திறனின் மதிப்பு மிக அதிகம். சந்தை தேவையைப் பார்ப்பதில்லை. வாங்கும் திறனைப் பார்க்கிறது. ஆகவே, இது அரசின் கடமையாகிறது.

திறந்திருக்கும் மூன்று வாயில்கள்

இதற்காகப் புதிய துறையோ ஆணையமோ வேண்டியதில்லை. மக்கள் ஏற்கெனவே கடந்து செல்லும் மூன்று வாயில்களைப் பயன்படுத்தினால் போதும்.

முதலாவது, பள்ளி. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் என்றால், ஆறு ஆண்டுகளில் பன்னிரண்டு மணி நேரம். ஒரு மாணவரின் பள்ளி வாழ்க்கையில் இது மிகச் சிறு பங்கு. ஆசிரியர்களின் பணிச்சுமை ஏற்கெனவே அதிகம் என்ற வாதம் நியாயமானது. எனவே, இதை மற்றுமொரு பாடமாக்கி, அவர்கள் மீது ஏற்றக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பாசிரியர்கள், நாட்டு நலப்பணித் திட்டக் கல்லூரி மாணவர்கள் ஆகியோரைக் கொண்டு பயிற்றுநர் குழுக்களை அமைக்கலாம். எளிய பயிற்சிப் பொம்மையை நடுத்தரக் கைபேசி ஒன்றின் விலைக்கு வாங்கிவிடலாம். ஓர் ஒன்றியத்துக்குப் பத்துப் பொம்மைகள் இருந்தால், அவற்றைப் பள்ளி பள்ளியாகச் சுற்றவிடலாம். எழுத்துத் தேர்வு வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

இரண்டாவது, ஓட்டுநர் உரிமம். வண்டி ஓட்டத் தெரியுமா என்பதை நாம் எழுத்துத் தேர்வால் மட்டும் முடிவு செய்வதில்லை. 'எட்டு' போட்டுக் காட்டச் சொல்கிறோம். முதலுதவிக்கும் அப்படி ஒரு 'எட்டு' வேண்டும். இரத்தம் பெருகும் காயத்தை அழுத்திக் கட்டுவது, நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, இரண்டு நிமிடங்கள் நெஞ்சை அழுத்துவது ஆகிய மூன்றையும் செய்துகாட்டிய பிறகே உரிமம் என்று ஆக்கலாம். நடத்துநர் உரிமத்துக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்கும் முன்மாதிரி தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. அந்தச் சான்றிதழ் வருகைப் பதிவுக்கானதாக இல்லாமல், செய்முறைத் திறனுக்கானதாக மாற வேண்டும்.

மூன்றாவது, பணியிடம். 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குச் சான்றிதழ் பெற்ற ஒரு பொறுப்பாளர் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பின்னர் திருத்தப்பட்ட வடிவில் வகுத்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் பணித்தளத்தில் முதலுதவிப் பெட்டியை வலியுறுத்தியது. பெட்டிக்கு இருந்த இந்த அக்கறை, பயிற்சிக்கும் வர வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர்கள் வழியாக ஊர்தோறும் சிலரையாவது கைப்பயிற்சி பெற்றவர்களாக ஆக்க முடியும்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. இத்திறன் பயன்படுத்தாவிட்டால் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. ஒருமுறை பயிற்சி, வாழ்நாள் சான்றிதழ் என்ற முறை பொருளற்றது. தீயணைப்பு ஒத்திகையைப் போல, ஆண்டுக்கு ஒருமுறையாவது கைகளுக்கு நினைவூட்ட வேண்டும்.

அரைகுறைப் பயிற்சி ஆபத்தாகாதா என்று மருத்துவர்கள் சிலர் ஐயுறுகின்றனர். காணொலியைப் பார்த்ததோடு நின்றுவிட்டவர்களைப் பற்றி அந்த ஐயம் சரி. குழந்தைக்குச் செய்ய வேண்டியது வேறு, பெரியவருக்குச் செய்ய வேண்டியது வேறு என்பதைப் பொம்மையில் செய்து பார்த்தவர் குழப்பிக்கொள்வது குறைவு. அதோடு, இதயம் நின்றவருக்கு எதுவும் செய்யாமல் நிற்பதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை.

மற்றொன்றையும் தயக்கமின்றிப் பேச வேண்டும். முதலுதவி என்பது முன்பின் அறியாத ஒருவரைத் தொடுவது. தொடுதலில் நம் சமூகத்துக்குப் பழைய தயக்கங்கள் பல உண்டு. ஆண் பெண் என்ற தயக்கம் ஒன்று. வெளியே சொல்லப்படாத சாதித் தயக்கம் மற்றொன்று. மேலை நாடுகளிலேயே, பொது இடத்தில் இதயம் நின்ற பெண்களுக்கு, ஆண்களுக்குக் கிடைக்கும் அளவு அருகில் இருப்பவர்களின் உதவி கிடைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பன்னிரண்டு வயதில், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் ஒருவர் கையில் ஒருவர் கட்டுப்போட்டும், ஒருவரை ஒருவர் திருப்பிப் படுக்கவைத்தும் பழகினால், அந்தத் தயக்கம் வேர்விடும் முன்பே தளரும். பெண்களுக்குப் பரவலாகப் பயிற்சி அளிப்பது இதனாலும் அவசியம்.

முதலில் இரண்டு மாவட்டங்களைத் தேர்ந்தெடுக்கலாம். விபத்துகள் மிகுந்த நெடுஞ்சாலை செல்லும் மாவட்டம் ஒன்று, மருத்துவமனை தொலைவில் உள்ள மலை மாவட்டம் மற்றொன்று. மூன்று ஆண்டுகள் நடத்தி, ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது காயம்பட்டவருக்கு ஏற்கெனவே யாரேனும் உதவியிருந்தார்களா என்ற ஒரே ஒரு கேள்வியை 108 பணியாளர்களின் பதிவேட்டில் சேர்த்தால் போதும். பயன் உண்டா, இல்லையா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லிவிடும். வரும் கல்வியாண்டில் தொடங்கினால், ஏழாம் வகுப்பில் சேரும் மாணவி பள்ளியை விட்டு வெளியேறும்போது பன்னிரண்டு மணி நேரம் கை பழகியிருப்பாள். அதன் பின் அவள் ஏறும் பேருந்திலும், வேலை செய்யும் இடத்திலும், வாழும் வீட்டிலும், என்ன செய்வதென்று தெரிந்த ஒருவராவது இருப்பார்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).